எட்டில் ஒரு பிட்: பழைய ஆர்பிஜிகளில் டிபக் முறையைத் தட்டி எழுப்பிய அனுபவம்

கடிகாரம் நின்றுபோயிருந்ததை மறுநாள்தான் கவனித்தேன். கேம்பாய் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த போக்கிமான் ரெட் ஆட்டத்தில் சேமிக்கப் போகும்போது திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி வரும். ஆட்டக்காரரின் பெயர், பதக்கங்கள், போக்கெடெக்ஸ் எண்ணிக்கை, விளையாடிய நேரம் என்று நான்கு வரிகள். முந்தைய இரவு அந்த நேரம் 14:22. அதன்பிறகு ஒரு குகை முழுவதையும் சுற்றிவிட்டு வந்து மறுபடி சேமிக்கப் போனால், அப்போதும் 14:22. நான் திறந்துவிட்டதாக மார்தட்டிக்கொண்டிருந்த டிபக் முறைதான் அதை நிறுத்தியிருந்தது. சரியாகச் சொன்னால், நான் அதைத் திறந்த விதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆட்டத்தை உருவாக்குகிறவர்கள் அதைச் சோதிக்கத் தங்களுக்கென்று சில குறுக்குவழிகளை வைத்துக்கொள்வார்கள். சுவருக்குள் நடப்பது, நினைத்த ஊருக்குத் தாவுவது, சண்டையே வராமல் புல்வெளியைக் கடப்பது எல்லாம் அதில் அடங்கும். இவைதான் டிபக் முறை, அதாவது பிழை தேடும் முறை. நாற்பது மணி நேர ஆட்டத்தின் முப்பதாவது மணியில் ஒரு கதவு திறக்கவில்லை என்றால், அதைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் முப்பது மணி நேரம் விளையாட யாராலும் முடியாது. ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே நீண்ட கதைக்குள் விளையாடும் வகை ஆட்டங்களில் இந்த வசதிகள் அதிகம் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். வெளியீட்டுக்கு முன் இவற்றை அடியோடு பெயர்த்தெடுப்பதைவிட, உள்ளே நுழையும் வாசலை மட்டும் அடைத்துவிடுவதே பாதுகாப்பு. கடைசி நேரத்தில் நிரலிலிருந்து ஒரு துண்டை வெட்டினால் வேறு எங்கே எது சரியும் என்று யாருக்குத் தெரியும்? வாசலை அடைத்தார்கள், அறை அப்படியே இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது அந்த அறை.

போக்கிமான் ரெட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சோம்பேறித்தனம். 1996-இல் ஜப்பானிலும் 1998-இல் ஆங்கிலத்திலும் வந்த இந்த ஆட்டத்தின் மொத்த நிரலையும் ஆர்வலர்கள் அசெம்ப்ளி மொழியில் வரிவரியாகப் பிரித்து, குறிப்புகளோடு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த முகவரியில் எது இருக்கிறது என்று நானே துழாவ வேண்டிய அவசியம் இல்லை. கீழே தரும் முகவரிகளை எல்லாம் ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களாக அல்லாமல் சாதாரணப் பத்தடிமான எண்களாகவே எழுதுகிறேன். படிக்க எளிது, கால்குலேட்டரில் மாற்றிக்கொள்வதும் ஒரு நொடி வேலை.

கேம்பாயின் நினைவகத்தில் 55090-ஆம் முகவரியில் ஒரு பைட் இருக்கிறது. எட்டு பிட்கள், அதாவது 0 (படுத்திருப்பது) அல்லது 1 (எழுந்து நிற்பது) என்று இருக்கும் எட்டு சுவிட்சுகள். அதில் இரண்டாவது பிட், அதாவது 2 என்ற மதிப்புள்ளது, டிபக் பிட். அது எழுந்து நின்றால், பி பொத்தானை அழுத்திப் பிடித்தபடி நடக்கும் வரை காட்டுப் போக்கிமான் (வழியில் திடீரென்று சண்டைக்கு வரும் உயிரினம்) எதுவும் குறுக்கே வராது. இந்தத் தலைமுறை ஆட்டத்தில் ஓடும் வசதி கிடையாது என்பதால் நடக்கும்போது பி பொத்தானுக்கு வேறு வேலையும் இல்லை. சோதனை செய்தவர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

கேம்ஷார்க் என்று ஒரு கருவி அந்தக் காலத்தில் விற்றது. ஆட்டம் அடங்கிய கார்ட்ரிட்ஜுக்கும் கேம்பாய்க்கும் நடுவே செருகினால், நாம் கொடுக்கும் எட்டு எழுத்துக் குறியீட்டைப் படித்து, நினைவகத்தில் நாம் சொன்ன இடத்தில் நாம் சொன்ன மதிப்பை எழுதும். பழைய கருவியைக் கணினியில் போலச்செய்யும் இன்றைய எமுலேட்டர்கள் அதே குறியீட்டை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. முதல் இரண்டு இலக்கம் 01. அடுத்த இரண்டு, எழுத வேண்டிய மதிப்பு. கடைசி நான்கும் முகவரி, ஆனால் பின்பாதி முன்னால், முன்பாதி பின்னால். ஆக எனக்குத் தேவையான குறியீடு 010232டி7. கடைசிக்கு முந்தைய இடத்தில் உள்ளது ஹெக்ஸ் எழுத்து டி.

என் சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த பிரதியை எமுலேட்டரில் ஏற்றி, குறியீட்டைப் போட்டு, புல்வெளிக்குள் இறங்கினேன். பி பொத்தானைப் பிடித்தபடி முன்னும் பின்னுமாக இருநூறு அடி நடந்திருப்பேன். ஒன்றும் வரவில்லை. பொத்தானை விட்டேன், ஏழாவது அடியில் ஒரு ரட்டாட்டா. அந்த ரட்டாட்டாவைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பொத்தானால் அடைக்கவும் திறக்கவும் முடிகிறது என்றால் அது தற்செயல் இல்லை.

பயிற்சியாளர்கள் மட்டும் விடுவதாக இல்லை. கண்ணில் பட்டதும் ஓடிவந்து சண்டைக்கு இழுத்தார்கள். இது என் தவறு அல்ல. பயிற்சியாளர்களையும் தவிர்க்கும் பகுதி உருவாக்கியவர்களின் சோதனைப் பதிப்பில் மட்டும் உண்டு; விற்பனைக்கு வந்த பதிப்பில் எஞ்சியது காட்டுப் போக்கிமானுக்கானது மட்டும்.

பிறகுதான் மேலே சொன்ன 14:22.

காரணம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த பைட்டின் முதல் பிட், 1 என்ற மதிப்புள்ளது, "விளையாடும் நேரத்தை எண்ணு" என்று சொல்கிற பிட். நேரத்தைக் கூட்டும் நிரல் ஒவ்வொரு முறையும் முதலில் இந்தப் பிட்டைப் பார்க்கிறது. அது விழுந்திருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுகிறது. நான் எழுதியது 2. அதாவது இரண்டாம் பிட்டை மட்டும் எழுப்பிவிட்டு, மற்ற ஏழையும் படுக்கவைத்திருக்கிறேன். கேம்ஷார்க் குறியீடு ஒருமுறை எழுதிவிட்டு ஓய்வதும் இல்லை. நொடிக்கு ஏறத்தாழ 60 முறை, ஒவ்வொரு திரைப் புதுப்பிப்பிலும், அதே மதிப்பைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கும்.

சரி, 2-க்குப் பதில் 3. முதல் இரண்டு பிட்களும் எழுந்து நிற்கும். குறியீடு 010332டி7. கடிகாரம் ஓடியது. பி பொத்தானும் வேலை செய்தது. முடிந்தது வேலை என்று எழுந்துபோய்விட்டேன்.

அடுத்த நாள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பறந்துபோக முயன்றேன். வரைபடம் வந்தது. ஊரைத் தேர்ந்தெடுத்து ஏ பொத்தானை அழுத்தினேன். பறவை வரவில்லை, "வேண்டாம்" என்று சொல்லித் திரும்பியதைப் போல என் போக்கிமான் பட்டியலே மறுபடி வந்து நின்றது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே கதை. தவறான பொத்தானை அழுத்துகிறேனோ என்று கைவிரலைக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது அந்த எட்டு பிட்களின் விளக்கத்தையும் பொறுமையாக, முழுவதும் படித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பிட்கள் இடம்பெயர்வதோடு தொடர்புடையவை. பறத்தல், தப்பிக்கும் கயிறு, குழியில் விழுதல் எல்லாம் அங்கே பதிவாகும். ஆறாவது, சைக்கிளில்தான் போக வேண்டும் என்று ஆட்டம் கட்டாயப்படுத்தும் பாதைக்கானது. ஏழாவது, தோற்று மயங்கினால் எங்கே கண்விழிப்பது என்பதற்கானது. வரைபடத்தில் நான் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் ஆட்டம் நான்காவது பிட்டை எழுப்புகிறது. சில திரைகள் கழித்து, "இவர் உண்மையிலேயே ஊரைத் தேர்ந்தெடுத்தாரா, இல்லை ரத்து செய்தாரா" என்று அதே பிட்டைத்தான் பார்க்கிறது. அந்த இடைவெளிக்குள் என் குறியீடு வந்து 3 என்று எழுதி அதை அழித்துவிட்டுப் போய்விடுகிறது. ஆட்டத்தின் கண்ணில் நான் ரத்து செய்தவன்.

ஒரே வீட்டில் எட்டுப் பேர் குடியிருக்க, ஒருவரை எழுப்புவதற்காக நொடிக்கு அறுபது முறை வீட்டையே உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பல "டிபக் குறியீடு"கள் ஆட்டத்தை உறையவைக்கின்றன என்று புலம்புகிறவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் இதுதான்: குறியீடு எழுதும் பைட்டில் வேறு யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

குறியீட்டைத் தூக்கிப்போடுவதற்கு முன் ஒரு சோதனை மட்டும் பாக்கி இருந்தது. புது ஆட்டம் தொடங்கும்போதும் அந்த டிபக் பிட்டுக்கு ஒரு வேலை உண்டு. பேராசிரியர் ஓக்கின் நீண்ட அறிமுகத்தில் பெரும்பகுதியை அது தாண்டிவிடும். பெயர் கேட்காது, ஆட்டக்காரருக்கு நின்டென், எதிராளிக்குச் சோனி என்று தானே வைத்துவிடும். வீட்டு மாடியில் தொடங்க வேண்டியவர் வெளியே பேலட் டவுன் தெருவில் நிற்பார். செய்து பார்த்தேன். எல்லாம் அப்படியே. எதிராளிக்குச் சோனி என்று பெயர் வைத்த குறும்புக்காரர் யாராக இருந்தாலும் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. "புது ஆட்டம்" என்பதை அழுத்தியதுமே ஆட்டம் முதல் வேலையாக டிபக் பிட்டை அழித்துவிடுகிறது. வாசலை அடைத்தது இங்கேதான். என் குறியீடு அடுத்த திரையிலேயே அதைத் திரும்ப எழுதிவிட்டதால்தான் இந்தச் சோதனை பலித்தது. ஆனால் "தொடர்க" என்பதை அழுத்தினால் அப்படி அழிப்பது கிடையாது. அந்த பைட் சேமிப்புக் கோப்பில் போய் உட்காருகிறது. திரும்ப ஏற்றும்போது அப்படியே வருகிறது.

அப்படியென்றால் குறியீடே வேண்டாம். சேமிப்புக் கோப்பில் ஒரே ஒருமுறை அந்த ஒரு பிட்டை எழுப்பிவிட்டால் போதும். மற்ற ஏழு பேரையும் தொடவே வேண்டாம்.

சேமிப்புக் கோப்பு 32,768 பைட். நினைவகத்தில் 55090-இல் இருப்பது கோப்பில் எங்கே இருக்கும்? ஆட்டம் முதன்மைத் தரவை நினைவகத்தின் 54007-இலிருந்து ஒரே தொடராக எடுத்து, கோப்பின் 9635-இலிருந்து வைக்கிறது. 55090-இலிருந்து 54007-ஐக் கழித்தால் 1083. 9635-உடன் 1083-ஐக் கூட்டினால் 10718. கணக்கு என்னவோ சரிதான். ஆனால் காகிதக் கணக்கை நம்பிக் கோப்பில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒன்று வேண்டும்.

கையிருப்புப் பணம் அதற்கு வாகாக இருந்தது. நினைவகத்தில் அது 54087-இல் இருக்கிறது. அதே கணக்கின்படி கோப்பில் 9715-இல் இருக்க வேண்டும். இந்த ஆட்டம் பணத்தை மூன்று பைட்டில், ஒவ்வொரு பைட்டிலும் இரண்டு பத்தடிமான இலக்கங்களாக வைக்கிறது. அதனால் கோப்பின் பைட்களை ஹெக்ஸில் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தாலும் திரையில் தெரியும் தொகை அப்படியே தெரியும். என்னிடம் இருந்தது 12,480. 14:22-இல் நின்ற பழைய கோப்பைத் திறந்து 9715-க்குப் போனேன். 01 24 80. அதற்குப் பிறகுதான் 10718-க்குப் போனேன். அங்கே 01. கடிகாரப் பிட் மட்டும் எழுந்து நிற்கிறது, மற்றவர்கள் உறக்கத்தில். 01-ஐ 03 ஆக்கிச் சேமித்து, எமுலேட்டரில் ஏற்றினேன்.

கோப்பின் தரவு அழிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பட்டியலில் "தொடர்க" என்பதே காணோம்.

செக்சம். மறந்தே போய்விட்டேன். 9624 முதல் 13602 வரையுள்ள 3979 பைட்களையும் ஆட்டம் கூட்டுகிறது. கூட்டுத்தொகையின் கடைசி பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பிட்களை எல்லாம் தலைகீழாக்கி 13603-இல் எழுதுகிறது. ஏற்றும்போது மறுபடி கூட்டிப் பார்த்து, ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பையே நிராகரிக்கிறது. இதைத் திரும்பக் கணக்கிட ஒரு நிரல் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பாதியில்தான் பொறிதட்டியது. நான் ஒரே பைட்டில் 2-ஐக் கூட்டியிருக்கிறேன். கூட்டுத்தொகை 2 கூடும். தலைகீழாக்கிய மதிப்பு 2 குறையும். அவ்வளவுதான். 13603-இல் 187 இருந்தது, 185 ஆக்கினேன். நிரலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உங்கள் கோப்பில் அந்த மதிப்பு 0 அல்லது 1 ஆக இருந்தால் மட்டும் சுற்றிக்கொண்டு 254, 255 என்று வரும்.

இந்த முறை "தொடர்க" வந்தது. பி பொத்தான் வேலை செய்தது. கடிகாரம் 14:22-ஐத் தாண்டி 14:23-க்குப் போவதைப் பார்ப்பதற்காகவே ஒரு நிமிடம் சும்மா நின்றேன். பிறகு பறந்தேன், பறவை வந்து தூக்கிக்கொண்டு போனது. இதற்குப்பின் ஆட்டத்துக்குள்ளேயே சேமித்தால் செக்சமை ஆட்டமே சரியாக எழுதிக்கொள்ளும், பிட்டும் அதிலேயே தங்கிவிடும்.

எமுலேட்டரில் ஆவதெல்லாம் ஒரு வெற்றியா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். இந்தக் கார்ட்ரிட்ஜில் சேமிப்பு ஒரு சிறிய ராம் சில்லில் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரிதான் அதை மறக்காமல் வைத்திருக்கிறது. யுஎஸ்பி வழியாகப் படிக்கவும் எழுதவும் தெரிந்த கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒன்று என்னிடம் இருந்தது. முதல் முறை படித்தபோது கோப்பு முழுவதும் 255, 255, 255. பேட்டரி செத்துவிட்டதோ என்று நெஞ்சு அடைத்தது. செப்பு முனைகளில் அழுக்கு, வேறொன்றும் இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி கறுத்துப்போய் வந்தது. காயவிட்டு மறுபடி படித்தேன். இந்த வேலையில் நான் விடாப்பிடியாக வைத்திருக்கும் ஒரே ஒழுங்கு: இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் பைட்டுக்கு பைட் ஒன்றாக இருந்தால்தான் அதைக் காப்புப் பிரதி என்று ஏற்பேன். ஒத்திருந்தது. மாற்றிய கோப்பை எழுதினேன். உண்மையான கேம்பாய், உண்மையான கார்ட்ரிட்ஜ், எந்தக் கருவியும் நடுவில் இல்லை. குகைக்குள் பி பொத்தானைப் பிடித்தபடி ஒரு வௌவாலைக்கூடச் சந்திக்காமல் மறுபக்கம் வந்தேன்.

நிரலைப் படித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சோதனைக்காகத் தொடங்கும் ஆட்டத்துக்கு ஒரு தயார்நிலைக் குழுவின் பட்டியல், விற்பனைப் பதிப்பிலும் அழிக்கப்படாமல் கிடக்கிறது. அதை யாரும் அழைப்பதில்லை, அவ்வளவுதான். தலையில் 90-ஆம் நிலை எக்ஸெக்யூட்டர். பின்னே ஜோல்டியானும் டக்ட்ரியோவும் 56-ஆம் நிலையில், ஆர்ட்டிகுனோ 57-இல். எக்ஸெக்யூட்டர் ஏன்? ஆட்டத்தின் தயாரிப்பில் முக்கியப் பங்காற்றிய இஷிஹாரா ட்சுனெகாசு, தமக்குப் பிடித்த போக்கிமான் எக்ஸெக்யூட்டர்தான், பிழை தேடும்போது எப்போதும் அதையே வைத்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். மூன்று தலை கொண்ட அந்தத் தென்னை மரத்தை யாருக்குத்தான் பிடிக்கும் என்று சிறு வயதில் நினைத்ததுண்டு.

கை ஊறியதில் அடுத்து லிங்க்ஸ் அவேக்கனிங். 1993-இல் கேம்பாய்க்கு வந்த ஸெல்டா ஆட்டம். இதை ஆர்பிஜி என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. சாகச ஆட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே டிபக் சுவிட்சுகள் நினைவகத்தில் இல்லை, ஆட்டத்தின் நிரல் பதிந்திருக்கும் ரோமிலேயே, அதுவும் தொடக்கத்திலேயே இருக்கின்றன. முதல் மூன்று பைட்களில் ஒரு தாவல் கட்டளை. அதை ஒட்டி 3, 4, 5 ஆகிய முகவரிகளில் மூன்று பைட்கள்; மூன்றும் 0. ஒவ்வொன்றும் ஒரு டிபக் கருவிக்கான சுவிட்ச்.

ஒரு சுவிட்சுக்கு ஒரு முழு பைட். பக்கத்து வீட்டுத் தொல்லையே கிடையாது. போக்கிமானில் பட்ட பாட்டுக்குப் பிறகு இது விடுமுறை போல இருந்தது. 3-ஆம் முகவரியில் 0-ஐ 1 ஆக்கி, வெற்று சேமிப்புக் கோப்போடு தொடங்கினேன். கோப்புத் தேர்வுத் திரையில் ஸெல்டா என்ற பெயரில் ஒரு கோப்பு, நான் உருவாக்காமலே காத்திருந்தது. உள்ளே போனால் பை நிறையப் பொருட்கள். செலக்ட் பொத்தானை அழுத்தினால் நாயகன் லிங்க் சுவர், மரம் என்று பாராமல் எதன் மேலும் நடக்கிறான். இன்னொரு முறை அழுத்தினால் உலகமே உறைந்து நிற்கிறது.

ரோமை மாற்றினால் செக்சம் இடிக்காதா என்று கேட்கலாம். கேம்பாய் இயங்கத் தொடங்கும்போது செக்சம் கொண்டு சரிபார்ப்பது 308 முதல் 332 வரையுள்ள தலைப்புப் பகுதியை மட்டும். அதற்கான செக்சம் 333-இல் இருக்கிறது. ரோம் முழுவதற்குமான செக்சம் 334, 335-இல் இருந்தாலும் கேம்பாய் அதைச் சட்டை செய்வதே இல்லை. ஆகவே 3-ஆம் பைட்டை மாற்றினால் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. கார்ட்ரிட்ஜில் இருக்கும் ரோமை நாம் மாற்றி எழுத முடியாதுதான். ஆனால் கேம் ஜீனி என்ற இன்னொரு கருவி, கேம்ஷார்க் போல நினைவகத்தில் எழுதாமல், ரோமிலிருந்து படிக்கும்போது குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும் பொய் பதில் சொல்லும். அந்த வழியில் மூலக் கார்ட்ரிட்ஜிலும் இது நடக்கும்.

மூன்றாவது, ஃபைனல் ஃபேன்டசி 7. 1997, பிளேஸ்டேஷன். இதில் டிபக் என்பது பிட்டோ பைட்டோ அல்ல. ஒரு முழு இடம். ஆட்டத்தின் ஒவ்வொரு அறையும் தெருவும் ஒரு "களம்". ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 65-ஆம் எண் களத்தின் உள்பெயர் ஸ்டார்ட்மேப். கதையில் எங்கிருந்தும் அங்கே போக வழி கிடையாது. இங்கேயும் சேமிப்புக் கோப்பின் வழியாகவே போனேன்.

பிளேஸ்டேஷன் மெமரி கார்டு 8 கிலோபைட் கொண்ட 16 பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒன்று அட்டவணைக்கு, மீதி 15 நமக்கு. இந்த ஆட்டத்தின் ஒரு சேமிப்புக்கு ஒரு பகுதி. அதில் முதல் 512 பைட்கள் தலைப்பும் சிறு படமும். அதற்குப் பிறகு தொடங்குவதுதான் உண்மையான சேமிப்பு; இனி சொல்லும் எண்கள் அங்கிருந்து எண்ணியவை. 2964-இல், நாம் களத்தில் நிற்கிறோமா உலக வரைபடத்தில் நிற்கிறோமா என்ற தகவல். 2966-இல் களத்தின் எண். 2970, 2972-இல் நிற்கும் இடத்தின் கிடைமட்ட, செங்குத்து அளவுகள். 2974-இல் முக்கோண எண்.

முக்கோணம் என்பது கொஞ்சம் விளக்கம் கேட்கும். பின்னணி வெறும் ஓவியம்தான். நாயகன் கிளவுட் உண்மையில் நடப்பது கண்ணுக்குத் தெரியாத முக்கோணங்களால் ஆன ஒரு தளத்தின் மேல். எந்த முக்கோணத்தில் நிற்கிறான் என்பதையும் ஆட்டம் சேமிக்கிறது. பெரிய களத்தில் 90-ஆம் முக்கோணத்தில் நின்று சேமித்துவிட்டு, களத்தின் எண்ணை மட்டும் மாற்றினால், புதிய களத்தில் 90-ஆம் முக்கோணமே இல்லாமல் போகலாம். நான் 0 என்று எழுதினேன். எந்தத் தளமாக இருந்தாலும் 0-ஆம் முக்கோணம் ஒன்று இருந்தே தீரும். இட அளவுகளையும் 0 ஆக்கினேன். உலக வரைபடத்தில் அல்லாமல் களத்துக்குள் இருக்கும் சேமிப்புப் புள்ளியில் சேமித்த கோப்பையே எடுத்துக்கொண்டதால் 2964-ஐத் தொட வேண்டி வரவில்லை.

செக்சம் இங்கே கூட்டல் அல்ல, 16 பிட் சிஆர்சி என்ற சிக்கலான கணக்கு. மனக்கணக்கில் ஆகாது, நிரல் எழுதியே ஆக வேண்டும். எழுதினேன், விடை பொருந்தவில்லை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் தெரிந்தது: செக்சம் முதல் இரண்டு பைட்டில் இருக்கிறது, கணக்கிட வேண்டியது 4-ஆம் இடத்திலிருந்து 4336 பைட்களை. நான் 0-விலிருந்து தொடங்கி, செக்சமைச் செக்சமுக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். நல்லவேளை, மாற்றாத மூலக் கோப்பில்தான் நிரலை முதலில் ஓட்டினேன். கோப்பில் ஏற்கெனவே எழுதியிருக்கும் எண்ணே நம் நிரலின் விடையாக வந்தால்தான் மாற்றிய கோப்பில் அதை நம்பலாம்.

ஏற்றினேன். கறுத்த அறை. தெரிந்த முகங்கள் அங்கங்கே நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் பேசினால் ஒவ்வொரு பட்டியல் விரிந்தது. அதிலிருந்து கதையின் ஒரு பகுதிக்குத் தாவலாம். பிட்களோடு மல்லுக்கட்டிய பிறகு, ஒரு டிபக் கருவி ஆட்களாக வந்து நின்று பேசுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஆட்டத்தை ஆக்கியவர்கள் அவர்களது சொந்தக் கருவியையும் ஆட்டத்தின் மொழியிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. கதை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் எண்ணி, 2980-ஆம் இடத்தில் இருக்கிறது. களத்தில் யார் நிற்க வேண்டும், யார் என்ன பேச வேண்டும் என்பதை முடிவுசெய்வதில் அதற்குப் பெரும் பங்கு. இடம் ஓரிடத்திலும் எண்ணி வேறிடத்திலும் இருந்தால் கதை குழம்பும். இது தெரிந்தும் ஓர் ஊருக்குத் தாவி, ஆர்வத்தில் அங்கேயே சேமித்துவிட்டேன். மறுநாள் ஏற்றிப் பார்த்தபோது என்னோடு வந்திருக்க வேண்டியவர்கள் குழுவில் இல்லை; நான் இன்னும் சந்திக்காதவர்கள் நெடுநாள் பழகியவர்கள் போலப் பேசினார்கள்.

மூலக் கோப்பின் இரண்டு பிரதிகளும் வேறொரு கோப்புறையில் பத்திரமாக இருந்தன. அதில் ஒன்றை மெமரி கார்டின் முதல் பகுதியில் திரும்ப எழுதினேன். டிபக் அறையைப் பதினைந்தாவது பகுதிக்கு அனுப்பிவிட்டேன்; போக வேண்டும் என்று தோன்றினால் அங்கிருந்து ஏற்றிக்கொள்ளலாம். போக்கிமான் கார்ட்ரிட்ஜில் மட்டும் அந்தப் பிட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நேற்று பார்த்தபோது நேரம் 31:07.